ஸ்திரீபார்ட் போட்டவன் சொல்கிறேன்

கோரமண்டல்,
கோலார் தங்கவயல்.
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாத்தா எழுதுகிறேன். நேற்று போனில் நீ பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டாய். பக்கத்தில் உன் பாட்டி ‘என்னவாம், என்னவாம்’ என்று கேட்டுக்கொண்டே நின்றதில் நான் சொல்ல நினைத்ததில் கால்வாசிகூட வாயில் வரவில்லை. இவ்வளவு நீளத்தை வாட்ஸ்அப்பில் தட்ட என்னால் ஆகாது. பழைய பழக்கப்படி பேனாவை எடுத்துவிட்டேன்.

உங்கள் கல்லூரியில் ஷேக்ஸ்பியரின் ‘டேமிங் ஆஃப் த ஷ்ரூ’ போடுகிறார்கள். கேதரினா வேடம் உனக்கு. கடைசிக் காட்சியில், புருஷன் காலுக்குக் கீழே என் கையை வைக்கவும் தயார் என்று அவள் பேசுகிறாளே, அந்த வசனம் உன் வாயில் வராது. வேடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டாய். கொடுக்காதே. உன் கோபத்தையும் கைவிடாதே. அந்தக் கோபம் இல்லாத பெண்ணிடம் இந்த வேடம் போனால் பாழாய்ப் போய்விடும்.

முதலில் உன் கோபத்தின் நியாயம். பெட்ரூக்கியோ அவளைக் கட்டிக்கொண்டு போய் என்ன செய்கிறான்? சோறு சரியில்லை என்று தட்டைத் தூக்கி எறிகிறான், பட்டினி. படுக்கை சரியில்லை என்று இரவெல்லாம் கூச்சல், தூக்கம் இல்லை. ஆசையாய்த் தைத்து வந்த கவுனைக் குறை சொல்லித் திருப்பி அனுப்புகிறான். நட்டநடுப் பகலில் சூரியனைக் காட்டி நிலா என்கிறான், அவளும் நிலா என்று சொன்னால்தான் வண்டி நகரும். வேட்டைக்குப் பருந்தைப் பழக்குகிறவன் செய்வதைத்தான் செய்கிறேன் என்று அவனே மேடையில் நின்று நம்மிடம் சொல்கிறான். இதை வெறும் தமாஷ் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதே. 1897இல் பெர்னார்ட் ஷா இதே நாடகத்தைப் பார்த்துவிட்டு, பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கடைசிக் காட்சியைப் பார்க்கிற யோக்கியமான ஆண் எவனுக்கும் வெட்கமாக இருக்கும் என்ற பொருளில் எழுதினார். ஷேக்ஸ்பியர் காலத்திலேயே ஜான் பிளெட்சர் இதற்கு ஒரு பதில் நாடகம் எழுதிவிட்டார். அதில் கேதரினா செத்துப்போய், பெட்ரூக்கியோ மரியா என்பவளை இரண்டாவதாகக் கட்டுகிறான். அவள் முதலிரவிலேயே மாடியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்கிறாள், ஊர்ப் பெண்களெல்லாம் அவளோடு சேர்ந்துகொள்கிறார்கள், கடைசியில் அடங்குகிறவன் அவன்! 1633இல் இந்த இரண்டு நாடகங்களும் இரண்டு நாள் இடைவெளியில் அரசர் முன்னால் நடந்தன. ஷேக்ஸ்பியருடையது பிடித்திருந்தது, பிளெட்சருடையது மிகவும் பிடித்திருந்தது என்று அரண்மனை அதிகாரி குறித்து வைத்திருக்கிறார். ஆகவே, உன் கோபம் இந்தக் காலத்துப் பெண்களின் புதுக் கோபம் என்று உங்கள் பேராசிரியர் சொன்னால் இதை எடுத்துப் போடு.

ஆனால் இதை வெள்ளைக்காரன் சரக்கு என்று மட்டும் நினைத்துவிடாதே. மதுரையை ஆண்ட அல்லி, ஆண் வாடையே வேண்டாம் என்றிருந்தவள். அர்ஜுனன் பாம்பாய்ப் போய் அவள் தூங்கும்போது தாலி கட்டிவிட்டு வருகிறான். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய அல்லி அர்ஜுனாவை நம் ஜனங்கள் விடிய விடியப் பார்த்தார்கள். பிறகு சினிமா. 1963இல் ‘அறிவாளி’, அது நேராக ஷேக்ஸ்பியரிடமிருந்து வந்த கதை. 1972இல் ‘பட்டிக்காடா பட்டணமா’. கன்னடத்தில் 1976இல் ராஜ்குமாரின் ‘பஹத்தூர் கண்டு’. 1986இல் அதே ராஜ்குமார் ‘அனுராக அரளிது’ செய்தார், 1992இல் ரஜினி அதையே ‘மன்னன்’ என்று செய்தார். நாம் தங்கவயல்காரர்கள் இரண்டு மொழியிலும் டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்கள். ராபர்ட்சன்பேட்டைத் தியேட்டரில் எந்த மொழியாக இருந்தாலும் பணக்காரி கன்னத்தில் அறை விழும் இடத்தில் விசில் ஒன்றுதான். விசிலடித்தவர்களில் உன் அப்பனும் உண்டு. இந்தக் கடிதத்தை அவனிடம் காட்டாதே.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியர் இந்த வேடத்தைப் பெண்ணுக்காக எழுதவில்லை. அந்தக் காலத்து லண்டன் மேடையில் பெண் நடிக்க வழி இல்லை. குரல் உடையாத பையன்களைக் கம்பெனியில் சேர்த்து, பெரிய நடிகர் ஒருவரிடம் விட்டுப் பழக்கி, கவுன் மாட்டி அனுப்புவார்கள். நம் ஊர் பாய்ஸ் கம்பெனி மாதிரியேதான். நன்றாகப் பழகின பையன்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். நீ படித்த நாடகங்களை நினைத்துப் பார். ஹாம்லெட்டில் இரண்டே பெண்கள். ஜூலியஸ் சீசரில் இரண்டே பெண்கள். லியர் அரசனுக்கு மூன்று மகள்கள், அவர்களைப் பெற்றவளைக் காணோம். ஒபீலியாவுக்குத் தாய் இல்லை, டெஸ்டிமோனாவுக்கு இல்லை, ஜெசிக்காவுக்கு இல்லை, மிராண்டாவுக்கும் இல்லை. வீடு வீடாக அப்பனும் மகளுமாக நிற்கிறார்கள். அம்மாக்கள் எல்லோரும் எங்கே போனார்கள் என்று, நான் பாடம் நடத்தும்போது என் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள். அவர்களுக்குப் போட ஆள் இல்லை அம்மா என்றேன். அது முழுப் பதில் இல்லை, ஆனாலும் பெரிய பதில். ரோசலிண்டும் வயோலாவும் போர்ஷியாவும் ஆண் உடை போட்டுக்கொண்டு அலைவதற்கும் இதுவே பாதிக் காரணம். பையனுக்குப் பையன் உடை சௌகரியம்.

நம் பக்கத்திலும் இப்படித்தான். சென்னையில் 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கி, ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார், மெர்ச்சென்ட் ஆஃப் வெனிஸை ‘வாணீபுரத்து வணிகன்’ ஆக்கினார். படித்த கனவான்களின் சபை அது. அதில் நாயகியாக நின்று பேரெடுத்தவர் ரங்கவடிவேலு என்ற ஆண். அதே காலத்தில் கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் முழுக்கப் பெண்களையே வைத்துக் கம்பெனி நடத்தினார், ராஜபார்ட்டும் பெண்தான். அந்த நாடகம் பார்க்கத் தனி ரயில் விட்டார்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மரியாதையான சபை எது, மரியாதையில்லாத கம்பெனி எது என்று ஊர் எப்படிப் பிரித்தது என்பதை நீயே யோசித்துக்கொள்.

எங்கள் கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பு லைனிலும் பண்டிகைக்குப் பண்டிகை நாடகம் உண்டு. வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தாத்தன்மார் கூத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். நான் மீசை அரும்பாத வயதில் தோழி வேடம் போட ஆரம்பித்தேன். எங்கள் குழுவில் முக்கியப் பெண் வேடம் போடும் ஸ்திரீபார்ட், சுரங்க ஷாப்ட்டில் வேலை பார்த்த ஓர் அண்ணன். அரிச்சந்திரன் நாடகத்தில் சந்திரமதி என்றால் அவர்தான். பாம்பு கடித்துச் செத்த லோகிதாசனை மடியில் போட்டுக்கொண்டு அவர் பாடினால் பாயில் உட்கார்ந்திருக்கிற ஆம்பிளைகள் மூக்கைச் சிந்துவார்கள். ஒருநாள் நாடகம் முடிந்து அரிதாரம் கலைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து லைனிலிருந்து ஒரு பெரியம்மா வந்தாள். சுரங்கத்துக்குள் பாறை வெடித்துச் சிதறும் ஏர்பிளாஸ்ட்டில் மகனைப் பறிகொடுத்தவள். ‘பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்தது தம்பி. ஆனா புள்ளைய மடியில வச்சிருக்கறவ நிமிசத்துக்கு ஒரு தரம் முந்தானைய இழுத்து விட்டுக்க மாட்டா’ என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த அண்ணன் முந்தானையை ஏன் இழுத்தார்? உள்ளே திணித்திருந்த துணி விலகிவிடுமோ என்ற பயம் ஒன்று. பெண் என்றால் முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருப்பாள் என்று ஆண் கண்ணுக்குப் படிந்துபோன எண்ணம் இன்னொன்று. ஆண் எழுதி ஆண் நடித்த பெண்ணிடம் இந்த இரண்டும் ஒட்டிக்கொண்டே வரும். வேடம் கலைந்துவிடக் கூடாது என்று ஒரு கை எப்போதும் காவல் காக்கும். அந்தக் கைக்குத் துக்கப்பட நேரம் ஏது?

1785இல் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் சாரா சிடன்ஸ் என்ற நடிகை லேடி மேக்பெத் போட்டார். தூக்கத்தில் நடந்து வருகிற காட்சி உனக்குத் தெரியும். கையில் மெழுகுவத்தியோடு வந்து, இல்லாத ரத்தக்கறையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். சிடன்ஸுக்கு முன்னால் அந்த வேடத்தில் பேரெடுத்திருந்த பிரிட்சர்ட் அம்மையார் மெழுகுவத்தியைக் கையிலிருந்து கீழே வைத்ததே இல்லை. அதுவே சம்பிரதாயமாகிப் போயிருந்தது. சிடன்ஸ் அதை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கழுவப்போகிறேன் என்றார். தியேட்டர் மேனேஜர் யார் தெரியுமா, ‘ஸ்கூல் ஃபார் ஸ்கேண்டல்’ எழுதின அதே ஷெரிடன். நாடகம் தொடங்கும் நேரத்தில் ஒப்பனை அறைக்கே ஓடிவந்து, வேண்டாம், ஜனங்கள் ஏற்க மாட்டார்கள் என்று கெஞ்சினார். சிடன்ஸ் கேட்கவில்லை. கறை போகக் கழுவுகிறவளுக்கு இரண்டு கை வேண்டாமா? நாடகம் முடிந்ததும் ஷெரிடனே வந்து, நீ செய்ததுதான் சரி என்று ஒப்புக்கொண்டார். சிடன்ஸ் ஒரு வசனத்தையும் மாற்றவில்லை. மெழுகுவத்தியைக் கீழே வைத்தார், அவ்வளவுதான். அதுவரை ராட்சசி என்று பார்க்கப்பட்டவளை அன்று ஜனங்கள் மனுஷியாகப் பார்த்தார்கள்.

எங்கள் லைன் பெரியம்மா சொன்னதும் அதையேதான். சிடன்ஸ் பெயரை அவள் கேள்விப்பட்டிருக்க மாட்டாள்.

பெண் மேடை ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1660 டிசம்பரில் லண்டனில் முதன்முதலாகத் தொழில்முறை நடிகை ஒருத்தி டெஸ்டிமோனாவாக நின்றாள். 1662இல் ராஜாவே பெண் வேடத்தைப் பெண்ணே போடலாம் என்று சாசனம் கொடுத்தார். உடனே என்ன ஆயிற்று? பெண்ணுக்கு ஆண் கால்சட்டை மாட்டிவிட்டுக் கால் தெரியும்படி நிறுத்துகிற நாடகங்கள் வரிசையாக வந்தன. பையனுக்குச் சௌகரியமாக இருந்த உடை, பெண்ணை வேடிக்கை பார்க்க உதவியது. அதே காலத்தில்தான் ஆப்ரா பென் என்ற பெண் நாடகம் எழுதிச் சம்பாதித்துச் சாப்பிட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவளுடைய ‘ரோவர்’ 1677இல் மேடை ஏறியது.

1700இல் காங்க்ரீவ் எழுதின ‘த வே ஆஃப் த வேர்ல்ட்’ நாடகத்தை விடுமுறையில் படி. அதில் மில்லமன்ட் கல்யாணத்துக்குச் சம்மதிக்கும் முன் வரிசையாக நிபந்தனை போடுகிறாள். காலையில் இஷ்டப்பட்ட நேரம் வரை தூங்குவேன். யாருக்குக் கடிதம் எழுதினேன், யாரிடமிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. நாலு பேர் முன்னால் கொஞ்சிக் கூப்பிடக் கூடாது. என் அறைக்குள் வருவதென்றால் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும். அவளைக் கட்டப்போகிற மிராபெல் அதற்கு எதிர் நிபந்தனை போடுகிறான், அவள் சண்டை போடுகிறாள். இன்றைக்கும் நம் வீடுகளில் பெண் பார்க்க வரும்போது யாராவது இப்படிக் கேட்டால் சொஜ்ஜி தட்டோடு நிற்கும் கூட்டம் மயங்கி விழும். காங்க்ரீவுக்கு இது எங்கிருந்து வந்தது? அந்த வேடத்தை ஆன் பிரேஸ்கர்டில் என்ற நடிகைக்காகவே எழுதினார். வாய்த் துடுக்கும் கெட்டிக்காரத்தனமும் உள்ள ஒரு முழுப் பெண் ஒத்திகை அறையில் எதிரே நிற்கும்போது பேனா வேறு மாதிரி ஓடும். நான் படித்த வரையில், ஆங்கில மேடைப் பெண்கள் நிமிர்ந்து நிற்கிற இடங்களில் பெரும்பாலும் எழுதுகிறவன் மனதில் ஒரு நிஜ நடிகை இருந்திருக்கிறாள்.

உன் நாடகத்துக்கு வருமுன் இன்னொன்று. இதை உன் பேராசிரியர் சொல்ல மாட்டார். கோல்ட்ஸ்மித்தின் ‘ஷீ ஸ்டூப்ஸ் டு காங்கர்’, 1773. நான் வருஷா வருஷம் பாடம் நடத்தின நாடகம். மார்லோ என்ற பிள்ளை பெரிய வீட்டுப் பெண்களைக் கண்டால் வாய் திறக்க மாட்டான், வேலைக்காரிகளைக் கண்டால் கையைப் பிடித்து இழுப்பான். அதனால் கேட் என்ற சீமாட்டி வேலைக்காரி மாதிரி உடுத்திக்கொண்டு வந்து அவனை வெல்கிறாள். வகுப்பு சிரிக்கும், நானும் சிரிப்பேன். ஆனால் என் அம்மா, உன் கொள்ளுப்பாட்டி, இங்கே ஒரு பங்களாவில் ஆயா வேலை பார்த்தவள். 1956இல் மைசூர் அரசு சுரங்கத்தை எடுத்துக்கொள்ளும் வரை துரைமார் இங்கே இருந்தார்கள். விருந்தாளிகள் வரும் நாளில் குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டேன் என்று அவள் சொல்வாள். கையில் குழந்தை இருந்தால் யாரும் கிட்டே வர மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. மார்லோ கேட்டை முத்தமிடத் துரத்தும் காட்சியில் அரங்கம் ஏன் பயப்படாமல் சிரிக்கிறது? அவள் நிஜ வேலைக்காரி இல்லை என்று அரங்கத்துக்குத் தெரியும். நிஜ வேலைக்காரியாக இருந்திருந்தால் அந்தக் காட்சி என்ன? கோல்ட்ஸ்மித் நல்ல மனுஷன், பிற்பாடு அவளை ஏழைப் பெண் என்று நம்பி மார்லோ உருகவும் செய்கிறான். இருந்தாலும் இந்தக் கேள்வியை நம் மாதிரி வீட்டுப் பிள்ளைகள்தான் கேட்க முடியும். ஆங்கில நாடகத்தில் பெண்கள் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் ராணிகளையும் சீமாட்டிகளையும் பற்றியே எழுதித் தீர்க்கிறார்கள். நீ வேலைக்காரிகளைப் பார். ஒத்தெல்லோவில் மனைவிகள் கெட்டுப்போனால் அதற்குப் புருஷன்மாரும் காரணம் என்று துணிந்து பேசுகிறவள் எமிலியா, டெஸ்டிமோனாவின் பணிப்பெண். கடைசியில் உண்மையைப் போட்டு உடைக்கிறவளும் அவளே, அதற்காகப் புருஷன் கத்திக்குப் பலியாகிறவளும் அவளே.

ஷாவின் ‘பிக்மேலியன்’ பற்றி நீளமாக எழுத ஆசை, ஆனால் தாள் தீர்கிறது. பூக்காரி எலைசாவுக்குச் சீமாட்டி மாதிரி இங்கிலீஷ் பேசச் சொல்லிக்கொடுத்துவிட்டு, இனி அவள் எங்கே போவாள் என்று ஒருவனும் யோசிக்கவில்லை. அவளே கேட்கிறாள். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடின பிறகு என்னிடம் இங்கிலீஷ் படித்த பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூர் போகும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்விதான் காதில் விழும். பாடம் சொல்லிக்கொடுத்த ஹிக்கின்ஸை எலைசா கட்ட மாட்டாள் என்பதில் ஷா பிடிவாதமாக இருந்தார். ஆனால் 1914இல் லண்டனில் ஹிக்கின்ஸாக நடித்த பீர்போம் ட்ரீ, கடைசியில் எலைசாவுக்குப் பூ வீசிக் காதல் ஆக்கிவிட்டார். ஷா கொதித்தார், பயனில்லை. ஆக, வசனத்துக்கு இடையில் நடிகன் செய்கிற காரியம் பெண்ணைத் தூக்கியும் விடும், கவிழ்த்தும் விடும்.

சரி, உன் கேதரினா. கடைசிப் பேச்சு 44 வரி, நாடகத்திலேயே மிக நீளமானது. அதை அவள் எந்தச் சூழ்நிலையில் பேசுகிறாள்? மூன்று ஆண்கள் பந்தயம் கட்டியிருக்கிறார்கள், கூப்பிட்டால் யார் பெண்டாட்டி முதலில் வருவாள் என்று. பந்தயம் கட்டும்போது அவள் அந்த அறையில் இல்லை. வந்து நிற்கிறாள், மற்ற இரண்டு பெண்டாட்டிகளையும் இழுத்து வரச் சொல்கிறான் பெட்ரூக்கியோ, தலையிலிருக்கிற தொப்பியைக் கழற்றிக் காலில் போட்டு மிதிக்கச் சொல்கிறான், பிறகு புத்தி சொல்லச் சொல்கிறான். தன் பெயரில் காசு கட்டியிருக்கிறார்கள் என்று அவளுக்கு எந்த நொடியில் புரிகிறது? நீ அதை முடிவு செய். அந்த நொடி உன் முகத்தில் தெரிந்துவிட்டால் 44 வரியும் வேறாகிவிடும்.

1929இல் வந்த படத்தில் மேரி பிக்ஃபோர்ட் இதே பேச்சைப் பேசிவிட்டுத் தங்கையைப் பார்த்துக் கண்ணடிப்பார், சும்மா சொன்னேன் என்கிற மாதிரி. உங்கள் ஆட்களும் கண்ணடிக்கச் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கண்ணடித்தால் பார்க்கிறவன் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவான், பட்டினி போட்டதும் தூங்கவிடாததும் விளையாட்டாகிவிடும். அழுதும் பேசாதே, அழுதால் ஆம்பிளைகளுக்குத் தங்கள் மனசு இளகியதில் ஒரு திருப்தி வந்துவிடும். தங்கை பியாங்காவையும் இன்னொரு பெண்டாட்டியான அந்த விதவையையும் பார்த்து, நிதானமாக, ஒரு சொல்லும் விழுங்காமல் பேசு. அவ்வளவு நேரம் எந்த ஆணும் குறுக்கே பேசுவதில்லை, கவனித்தாயா? நாடகம் முழுக்கப் பேசவிடாமல் அடிக்கப்பட்டவளுக்கு அந்த 44 வரியில்தான் முழு மேடையும் கிடைக்கிறது. கையைக் கீழே வைக்கும்போது மெதுவாக வை. அந்தக் கையை எடுக்கச் சொல்ல பெட்ரூக்கியோவுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அரங்கம் எண்ணட்டும்.

பட்டினிக் காட்சியில் தட்டு பறப்பதை வைத்துச் சிரிப்பு மூட்டப் பார்ப்பார்கள். பெட்ரூக்கியோ போடுகிறவன் என்ன கூத்து வேண்டுமானாலும் அடிக்கட்டும், நீ பசியோடு இரு. சாப்பிடாமல் இருக்கிற ஒருத்தி மேடையில் ஒழுங்காக நின்றால் கூத்து அடிக்கிறவன் தன்னாலே அடங்குவான்.

கடைசியாக முக்கியமான ஒன்று. உங்களுக்குக் கொடுத்த பிரதியில் ஸ்லை காட்சி இருக்கிறதா பார். பெரும்பாலும் வெட்டியிருப்பார்கள். அசல் நாடகம் கேதரினாவோடு தொடங்கவில்லை. கிறிஸ்டோபர் ஸ்லை என்ற ஈயம் பூசுகிறவன் குடித்துவிட்டுச் சாராயக்கடை வாசலில் கிடக்கிறான். ஒரு பிரபு அவனைத் தூக்கிக்கொண்டு போய்ப் பட்டு மெத்தையில் போட்டு, நீதான் இந்த வீட்டு எஜமான், இத்தனை வருஷம் பைத்தியமாக இருந்தாய் என்று நம்ப வைக்கிறான். எஜமானுக்குப் பெண்டாட்டி வேண்டுமே? வீட்டு வேலைக்காரப் பையன் ஒருவனுக்குப் பெண் வேடம் போட்டு அனுப்புகிறான். அழ வராவிட்டால் கைக்குட்டையில் வெங்காயத்தை ஒளித்து வைத்துக்கொள்ளச் சொல் என்று பிரபு சொல்லி அனுப்புகிறான். அந்தப் பையன் வந்து, நான் உங்கள் சொல்லைத் தட்டாத மனைவி என்று ஸ்லையிடம் பேசுகிறான். அதன் பிறகு அந்தக் குடிகாரன் பார்ப்பதற்காக நடத்திக் காட்டுகிற நாடகம்தான் உங்கள் கேதரினா கதை முழுக்கவும்.

புருஷன் சொல் தட்டாத பெண்டாட்டி இந்த நாடகத்தில் முதன்முதலில் எப்படி வருகிறாள் பார்த்தாயா? கவுன் மாட்டின பையனாக, கையில் வெங்காயத்தோடு வருகிறாள். இதை எழுதினவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இருந்திருக்காது. இந்தக் காட்சியை வெட்டிவிட்டால் கேதரினாவின் கடைசிப் பேச்சு அப்படியே உபதேசமாகிவிடும். வைத்திருந்தால், அது ஒரு குடிகாரனுக்குக் காட்டின ஆசைக்கனவு என்று எல்லோருக்கும் தெரியும். 1594இல் அச்சான, இதே கதையுள்ள இன்னொரு நாடகத்தில் ஸ்லை கடைசியில் விழித்துக்கொண்டு, பெண்டாட்டியை அடக்கும் வித்தையைக் கனவில் கற்றுக்கொண்டேன் என்று வீட்டுக்குக் கிளம்புகிறான். வீட்டில் அவனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பதை நம் லைன் பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒத்திகை முடிந்து ராத்திரி நேரம் ரயிலில் தனியாக வராதே. தாமதமானால் விடுதியிலேயே தங்கிவிடு, உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். விழாவுக்கு எனக்கும் பாட்டிக்கும் முன்வரிசை வேண்டாம், நடுவில் நாற்காலி பார்த்துப் பிடித்து வை, கூட்டம் எங்கே சிரிக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். இது கிடைத்ததும் முதல் வேலையாக உங்கள் இயக்குநரிடம் ஸ்லை காட்சியைக் கேள். நேரம் இல்லை என்று சொன்னால், பாட்டு நடனத்தில் பத்து நிமிஷம் குறைத்துக்கொள்ளச் சொல். அதற்கும் மறுத்தால் எனக்கு ஒரு வார்த்தை தெரிவி. அந்தப் பையன் வேடத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் பழைய ஸ்திரீபார்ட் ஒருவன் கோரமண்டலில் சும்மாதான் இருக்கிறான்.

உன்
தாத்தா